தேன்பெட்டி வைக்கப் போகிறீர்களா? முதல் ஆண்டில் தேனைக் கேட்காதீர்கள்

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பகுதிகளில் மொட்டை மாடியில் தோட்டம் போடுவோர் பெருகி வருகின்றனர். கத்தரி, வெண்டை, முருங்கை என்று தொடங்கியவர்களுக்கு அடுத்த ஆசை தேன்பெட்டி. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம்மிடம் இதைப் பற்றி விசாரிப்போரும் உண்டு. பெரும்பாலும் முதல் கேள்வி ஒன்றாகத்தான் இருக்கும்: "ஹஜ்ரத், ஒரு பெட்டியில எத்தனை கிலோ வரும்?"

அதே தெருவில், ஏதாவது ஓர் அடுக்குமாடியின் சன்ஷேடுக்குக் கீழே தேனீக்கள் கூடு கட்டிவிட்டால் போதும். இரவோடு இரவாகத் தீப்பந்தம் ஏற்பாடாகிவிடுகிறது. தேன் வேண்டும், தேனீ வேண்டாம் என்பதுதான் இரண்டு இடத்திலும் உள்ள மனநிலை. இந்த மனநிலையோடு பெட்டி வாங்குபவருக்கு, சில மாதங்களில் காலிப் பெட்டிதான் மிஞ்சும். தேனீ வளர்ப்பு என்பது தேன் எடுக்கும் தொழில் அல்ல. ஓர் உயிர்க் கூட்டத்தைப் பசி, வெயில், எறும்பு, நோய் இவற்றிலிருந்து காத்துக்கொண்டே இருக்கும் தொழில். தேன் அதில் கிடைக்கும் உபரி.

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்திற்கே 'அந்நஹ்ல்', அதாவது தேனீ என்று பெயர். அதன் 68, 69 வசனங்களில் தேனீயின் வசிப்பிடங்களாக மலைகள், மரங்கள், மனிதர்கள் கட்டுபவை என மூன்று சொல்லப்படுகின்றன. மூன்றாவதற்குக் கூரை, பந்தல், மனிதன் தேனீக்கென்றே அமைக்கும் கூடு என்றெல்லாம் தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கம் தந்துள்ளனர். நம் நாட்டுத் தேனீ வகைகளை அறிந்தவர்களுக்கு இந்த மூன்றும் உடனே பிடிபடும். மலைத்தேனீ பாறையில் தொங்குகிறது. அடுக்குத் தேனீ மரப்பொந்தில் வாழ்கிறது. அதே அடுக்குத் தேனீதான் நாம் செய்து வைக்கும் பெட்டிக்கும் வருகிறது.

இந்த வசனங்களில் தேனீயை நோக்கிய ஏவல் சொற்கள் பெண்பாலில் வருவதைக் காட்டி, வேலை செய்பவை பெண் தேனீக்களே என்பதை அன்றே இலக்கணம் சொல்லிவிட்டது என்று பலர் மேடையில் பேசுகின்றனர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'நஹ்ல்' என்ற சொல்லைப் பெண்பாலாக வழங்குவது ஹிஜாஸ் மக்களின் பொதுவான மொழி வழக்கு என்று அரபு அகராதி ஆசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். வசனத்தின் சிறப்பிற்கு இந்த முட்டு தேவையில்லை. படைப்பைப் பார், சிந்தி என்றுதான் அது அழைக்கிறது. பார்ப்போம்.

நம் பகுதியில் நான்கு வகைத் தேனீக்களைப் பார்க்கலாம். அடுக்குமாடிகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் ஒற்றை அடையாக, முறம்போலப் பெரிதாகத் தொங்குவது மலைத்தேனீ. செடிப் புதரில் உள்ளங்கை அகலத்தில் சிறு அடை கட்டுவது கொம்புத்தேனீ. மரப்பொந்து, சுவர்ப்பொந்து, கவிழ்த்த பானை போன்ற இருட்டிடங்களில் அடுக்கடுக்காகப் பல அடைகள் கட்டுவது அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீ. சுவர் விரிசலில் மெழுகுக் குழாய்போல வாசல் வைத்து, கொசு அளவில் பறப்பது கொசுத்தேனீ. இதற்குக் கொட்டத் தெரியாது. முதல் இரண்டையும் பெட்டியில் வளர்க்க முடியாது. திறந்த வெளியில் வாழும் இனம் அவை, அடைத்தால் ஓடிவிடும். பின்னிரண்டே வளர்ப்புக்கு உரியவை. வட மாநிலங்களில் பெரிய அளவில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீ வெளிநாட்டு இனம். தேன் அதிகம் தரும்; ஆனால் பூக்கள் நெருங்கிய பெரும் பரப்பு வேண்டும். நம் தெருக்களுக்கு அது பொருந்தாது.

மலைத்தேனீ ஏன் நம் வீடு தேடி வருகிறது? அதன் கண்ணுக்கு ஏழு மாடிக் கட்டடம் ஒரு செங்குத்துப் பாறை, அவ்வளவுதான். பூக்காலம் முடிந்ததும் சில மாதங்களில் தானாகவே கிளம்பி வேறிடம் போய்விடும். கல்லெறியாமல், புகை போடாமல், இரவில் அதற்கு நேரே பெரிய விளக்கைப் போடாமல் இருந்தால் பெரும்பாலும் அதுவும் நம்மைத் தொடாது. கொல்லக் கூடாதவை என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த நான்கு உயிர்களில் எறும்பு, ஹுத்ஹுத், கீச்சான் குருவியோடு தேனீயும் ஒன்று. அபூதாவூத், இப்னுமாஜா நூல்களில் இந்தச் செய்தி உள்ளது. எறும்புப் புற்று ஒன்று எரிக்கப்பட்டிருப்பதைக் கண்ட நபியவர்கள், நெருப்பைக் கொண்டு தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே உரியது என்று கண்டித்த செய்தியும் அபூதாவூதில் உண்டு. பள்ளிக்கூட வாசலிலோ மருத்துவமனை ஜன்னலிலோ கூடு இருந்து உயிருக்கு ஆபத்து என்றால் அகற்றத்தான் வேண்டும். அதற்குத் தேனீயை அறிந்தவர்களை அழைத்து உயிரோடு இடம் மாற்றச் சொல்லுங்கள். அவசரம் என்றால் தீயணைப்புத் துறையை அழையுங்கள். தீப்பந்தத்தோடு வாடகைக்கு வரும் ஆள் கூட்டையும் எரிப்பார். கலைந்த தேனீக்கள் மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கொட்டும்.

மார்த்தாண்டம் சொல்லும் பாடம்

தமிழகத்தில் தேனீ வளர்ப்பைப் பேசினால் மார்த்தாண்டத்தைப் பேசாமல் முடியாது. மரப்பொந்தை வெட்டி, கூட்டைப் பிழிந்து, புழுவும் முட்டையும் சேர்த்து நசுக்கித் தேன் எடுப்பதுதான் முன்பு எங்கும் இருந்த வழக்கம். 1851இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத், தேனீ நடமாட விட்டுவைக்கும் இடைவெளியைக் கணித்து, கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டியை உருவாக்கினார். 1910களில் திருச்சியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் அதை நம் சிறிய தேனீக்கு ஏற்றவாறு சுருக்கி அமைத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1920களில், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் கிராமப் புனரமைப்பு மையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் தொடங்கினார். ஏழை விவசாயிக்குச் சிறு முதலில் கூடுதல் வருமானம் தருவது என்ன என்று தேடியவர்கள் கண்டடைந்தவற்றுள் தேன்பெட்டியும் ஒன்று. கிறிஸ்தவ அமைப்பு தொடங்கியதுதான்; பயன் எல்லாச் சமயத்தவருக்கும் போய்ச் சேர்ந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.

குமரி மாவட்டத்திற்கு வாய்த்த பெரிய வரம் ரப்பர் தோட்டம். மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, ரப்பர் மரத்தின் பூவில் அல்ல, இலைக்காம்பின் நுனியில் இனிப்புநீர் சுரக்கிறது. பங்குனி வரை பெட்டிகள் நிரம்புவது அதனால்தான். பூவே இல்லாமல் தேன் வரும் இந்த விந்தை வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதற்கிடையில் வந்ததுதான் 1991, 92 ஆண்டுகளின் பேரிழப்பு. 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் குமரியிலும் பரவியது. புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்குள் அறைக்குள்ளேயே இறந்து, நீர் நிறைந்த சிறு பைபோல ஆகிவிடும். அடுத்த தலைமுறை இல்லாததால் சில வாரங்களில் கூடு காலி. பெரும்பாலான பெட்டிகள் இப்படி அழிந்தன. மருந்து இல்லை, இன்றும் அந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. பலர் தொழிலையே விட்டனர். விடாதவர்கள் என்ன செய்தார்கள்? நோயிலும் தப்பி நின்ற ஓரிரு கூடுகளைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்தே பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். அந்த நாட்களில் அவர்கள் தேனைக் கணக்குப் பார்த்திருந்தால் இன்று மார்த்தாண்டம் தேன் என்ற பெயரே மிஞ்சியிருக்காது. நம் மாடியில் பெட்டி வைப்பவருக்கு மார்த்தாண்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கிலோ கணக்கை அல்ல, இந்தப் பொறுமையைத்தான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

ஒரு கூட்டில் ஒரே ராணி. பல ஆயிரம் வேலைக்காரத் தேனீக்கள். பருவத்தில் சில நூறு ஆண் தேனீக்கள். ராணி என்றதும் ஆட்சி செய்வதாக நினைக்க வேண்டாம். முட்டையிடுவதுதான் அதன் வேலை. கருவுற்ற ஒரே வகை முட்டையிலிருந்துதான் ராணியும் வேலைக்காரியும் வருகின்றன. அரச கூழ் என்ற உணவைத் தொடர்ந்து ஊட்டினால் ராணி, சில நாளில் நிறுத்தி மகரந்தமும் தேனும் கொடுத்தால் வேலைக்காரி. ராணி வெளிவர 16 நாள் அளவில் ஆகும்; வேலைக்காரத் தேனீக்கு ஏறக்குறைய 3 வாரம். வேலைக்காரத் தேனீ வயதுக்கேற்ப வேலை மாறும்: முதலில் அறை துடைப்பது, பிறகு புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது, வாசலில் காவல், கடைசியாகத்தான் பூ தேடி வெளியே போவது. வேலை மிகுந்த பருவத்தில் ஆறு வாரம் வாழ்ந்தாலே அதிகம்.

பூவைக் கண்டுவந்த தேனீ, இருட்டுக் கூட்டுக்குள் அடையின் மீது நடனமாடி மற்றவற்றுக்கு வழி சொல்கிறது. சூரியனுக்கு எத்தனை கோணத்தில் போக வேண்டும் என்பதை நடனத்தின் சாய்வும், எவ்வளவு தூரம் என்பதை நடன நேரமும் காட்டும். இதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார்.

பெட்டியின் அமைப்பு எளிது. கீழே அடிப்பலகை, அதன்மேல் புழு அறை, அதற்கும் மேல் தேன் அறை, மூடி. புழு அறைதான் குடும்பம் வாழும் இடம். அங்கிருக்கும் தேன் அவர்களுடைய சாப்பாடு, நமக்கு அதில் பங்கில்லை. மேலறையில் சேர்வது மட்டுமே நமக்கு. சட்டங்களுக்கிடையே ஒரு தேனீ நடக்கும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் குறுக்கே அடை கட்டிச் சட்டத்தையே கழற்ற முடியாமல் செய்துவிடும். பக்கத்துத் தச்சரிடம் அளவில்லாமல் பெட்டி செய்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு பெட்டி. இரண்டிருந்தால் ஒன்று பலவீனமாகும்போது மற்றதிலிருந்து புழுவுள்ள ஒரு சட்டத்தை எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றலாம். சென்னைப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை மாதத்தில் தொடங்குவது நல்லது. அதையடுத்து வேம்பும் புங்கையும் பூக்கும். புளியும் நாவலும் தொடரும். தென்னையும் முருங்கையும் ஆண்டின் பெரும்பகுதியில் கைகொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் மழை பெய்து வெளியே போக முடியாதபோதும், பூவற்ற நாட்களிலும் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும்: ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர், காய்ச்சி ஆறவைத்து, மாலையில், பெட்டிக்கு உள்ளே. வெளியே சிந்தினால் எறும்பும் அயல் தேனீக்களும் கொள்ளைக்கு வரும்.

கான்கிரீட் மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் பெட்டியை வைப்பது தேனீயை வாணலியில் வைப்பது போன்றது. மெழுகு இளகி அடை அறுந்து விழும், கூட்டமே ஓடிவிடும். வீட்டைச் சுற்றி ஒரு மரநிழல் இருந்தால் தரைமட்டத்தில் அதன் கீழே வையுங்கள். மாடிதான் என்றால் கீற்றுப் பந்தல் கட்டாயம். வாசல் கிழக்கு பார்த்து, ஆள் நடக்கும் வழிக்கு நேராக இல்லாமல் இருக்கட்டும். தாங்கியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பெட்டியை இழப்பவர்களில் பாதிப்பேர் அந்தத் தண்ணீர் வற்றியதைப் பார்க்காதவர்களாக இருப்பார்கள் என்பது நம் எண்ணம். பக்கத்தில் கூழாங்கல் போட்ட தட்டில் குடிநீர் வையுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக் குழாயடிக்குப் போகும், சண்டை வரும். பெட்டி வைக்கும் முன்பே அண்டை வீட்டாரிடம் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். அவர் வீட்டில் தேனீக்கடி ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். அண்டை வீட்டாரின் உரிமை நமது பொழுதுபோக்கைவிடப் பெரிது.

பத்து நாட்களுக்கு ஒருமுறை, வெயில் ஏறாத காலையில், புகைப்பானில் தேங்காய் நார்ப் புகை லேசாகக் காட்டித் திறந்து பாருங்கள். ராணியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. அறைக்கு ஒன்றாகப் புது முட்டைகள் தெரிந்தால் ராணி இருக்கிறது என்று பொருள். அடைக்குள் நூலாம்படை போல் இருந்தால் மெழுகு அந்துப்பூச்சி புகுந்துவிட்டது; தேனீக்கள் மொய்க்காத பழைய அடைகளை எடுத்துவிடுங்கள். அடையின் ஓரத்தில் நிலக்கடலை போல நீண்ட அறைகள் தொங்கினால் புது ராணி உருவாகிறது, கூட்டம் பிரியப்போகிறது என்று பொருள். அத்தர் பூசிக்கொண்டு பெட்டியைத் திறக்காதீர்கள். கடும் வாசனை அவற்றை எரிச்சலூட்டும்; வெள்ளிக்கிழமை பெட்டி பார்க்கும் எண்ணமிருந்தால் அத்தருக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பெட்டியை மூடி நகர்ந்துவிடுங்கள். கொட்டிய இடத்தின் வாசனை மற்றவற்றையும் அழைக்கும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நம் பகுதிக்கே உரிய இன்னொரு ஆபத்து கொசுப் புகை. தெருவில் புகை இயந்திரம் வரும் மாலையில், தேனீக்கள் கூடடைந்தபின் வாசலை மறைத்து ஈரச்சாக்கை மேலே போட்டு, புகை கலைந்ததும் எடுத்துவிடுங்கள்.

தேன் எடுப்பது எப்போது? மேலறை அடையின் பெரும்பகுதி மெழுகால் மூடப்பட்ட பிறகு. மூடாத தேனில் நீர் அதிகம், புளித்துவிடும். சட்டத்தைச் சுழற்றும் கருவியில் வைத்துத் தேனை மட்டும் பிரித்தால் அடை சேதமில்லாமல் மீண்டும் பெட்டிக்கே போகும். பூ வளம் உள்ள ஊர்களிலேயே இந்தியத் தேனீப் பெட்டி ஒன்றில் ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ கிடைத்தால் நல்லது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அதற்கும் குறைவையே எதிர்பாருங்கள். முதல் ஆண்டில் ஒன்றும் எடுக்காமல் விடுவதே புத்திசாலித்தனம். மகசூலில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகள் உண்டு என்கின்றன, ஷாஃபி, மாலிகி மத்ஹபுகள் கடமையில்லை என்கின்றன. விற்கும் அளவுக்குத் தேன் எடுப்பவர் தம் மத்ஹப் ஆலிமிடம் விவரம் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் கையால் எடுத்த தேனின் மதிப்பு கடைத் தேனைப் பார்த்தால் புரியும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், 13 பிராண்டுகளில் 3 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகளால் இந்தக் கலப்படம் பிடிபடாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சுத்தமான தேனும் கூடாது என்பது மருத்துவர்களின் எச்சரிக்கை, அதிலிருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் பச்சிளம் குடலில் நஞ்சை உண்டாக்கும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் பாட்டிமார்களுக்கு இதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

தேனைவிடப் பெரிய கூலி மகரந்தச் சேர்க்கை. உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் நான்கில் மூன்று, கூடவோ குறையவோ, தேனீ முதலான உயிரினங்கள் மகரந்தம் சுமப்பதை நம்பியிருக்கின்றன. நெல்லும் கோதுமையும் அதில் அடங்கா. பூசணி, பாகல், வெள்ளரி, எள், சூரியகாந்தி, மா எல்லாம் அடங்கும். தேனீ அழிந்தால் நான்கே ஆண்டில் மனிதன் அழிவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. மனிதன் அழியமாட்டான், சோறு இருக்கும், தொட்டுக்கொள்ளத்தான் பெரிதாக ஒன்றும் இருக்காது.

நபியவர்களின் காலத்தில் ஹிலால் என்ற தேன்காரர் தம் தேனில் பத்தில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஸலபா என்ற பள்ளத்தாக்கைத் தமக்குக் காவலாக ஒதுக்கித் தரும்படி கேட்டார். நபியவர்கள் ஒதுக்கிக் கொடுத்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அவர் பெட்டி கேட்கவில்லை. தேனீ மேயும் நிலத்தைக் கேட்டார். நமக்கும் குறைவது அதுதான். இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் மேயும். பொழிச்சலூரில் அந்த வட்டத்துக்குள் காலிமனைகள் ஒவ்வொன்றாகக் கட்டடமாகின்றன. மிஞ்சிய புங்கை மரத்தையும் குப்பை விழுகிறது என்று வெட்டுகிறோம்.

ஆகவே தை மாதம் வருவதற்குள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, உங்கள் தெருவைச் சுற்றி என்னென்ன மரம், எது எந்த மாதம் பூக்கிறது என்று எழுதிப் பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து வெற்றிடம் வந்தால் அந்த இடத்தை நிரப்பும் மரத்தையோ, துளசி போன்ற செடியையோ முதலில் நடுங்கள். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறது. அருகில் என்றால் செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். அரசுத் திட்டங்களில் மானியம் உண்டு என்பதற்காக மட்டும் பத்துப் பெட்டிக்கு விண்ணப்பிக்க வேண்டாம். மரமும் இல்லை, இடமும் இல்லை என்றால் கொசுத்தேனீயோடு தொடங்குங்கள். ஒரு மண்பானையோ சிறு மரப்பெட்டியோ போதும், பால்கனியின் நிழல் மூலையில் இருந்துகொள்ளும், குழந்தைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தேன் ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான். உங்கள் மாடியில் காய்க்கும் பாகற்காயின் எண்ணிக்கையை அதற்கு முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள்.